ஏழுமலைக்குக் கிழக்கே

திருப்பதி யாத்திரை செய்யாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிது. பம்பாயில் வாழ்ந்தாலும், டில்லியில் வாழ்ந்தாலும், கடல் கடந்து சிங்கப்பூரிலோ மெல்போர்னிலோ குடியேறியிருந்தாலும், விடுமுறைக்குத் தாயகம் திரும்பும் நம்மவர் வேங்கடவனைத் தரிசித்த பிறகே பலரும் உறவினர் வீடுகளுக்குச் செல்கின்றனர். மலையேறி, வரிசையில் நின்று, லட்டுப் பிரசாதம் பெற்று, திருச்சானூரில் தாயாரை வணங்கி, அவகாசம் இருந்தால் காளத்திக்கும் ஒரு நடை போய் வருவர். அத்துடன் யாத்திரை முற்றுப்பெறும்.

அந்த யாத்திரையில் இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ளுமாறு சங்கத்து அன்பர்களைக் கேட்டுக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். திருப்பதியிலிருந்து கிழக்கே, காளத்தி, வெங்கடகிரி, கூடூர் வழியாகச் சென்று, அங்கிருந்து தெற்கே திரும்பிச் சூலூர்ப்பேட்டையை அடையும் வழி ஒன்று உண்டு. முழுவதும் இரயிலிலேயே செல்லலாம். அந்நிலத்தின் மூத்த குடிகள் அவ்வழி நெடுகிலும் வாழ்கின்றனர். அவர்களுடைய முதியோருக்கு அரசாங்கம் என்ன செய்கிறது, செய்வது அவர்கள் கைக்கு எட்டுகிறதா என்பதை அறிந்துகொள்ள அந்த ஒரு நாள் உதவும்.

எல்லை மாறிய மண்

இந்த வட்டாரத்தின் வரலாறு தமிழருக்குப் புதியதன்று. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில தாலுகாக்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தனர். 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அது ஆந்திரத்தோடு சேர்ந்தது. பிறகு பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரலில் திருத்தணி நம்மிடம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர்த் தாலுகாக்களின் சில பகுதிகள் அங்கே சென்று சத்தியவேடு வட்டமாயின. மிக அண்மையில், 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி, சித்தூரைப் பிரித்துத் திருப்பதியைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டத்தை ஏற்படுத்தினர். அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த வெங்கடகிரியும் சூலூர்ப்பேட்டையும் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. இதனால் ஏழுமலையான் சந்நிதியும் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

எல்லைக் கோடுகள் இத்தனை முறை மாறினாலும் மக்களின் பேச்சு அவ்வளவு எளிதில் மாறிவிடவில்லை. சித்தூர்க் கடைத்தெருவில் இன்றும் தெலுங்கும் தமிழும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கின்றன. நம்மவர் மொழி தெரியாத ஊர் என்று அஞ்ச வேண்டியதில்லை.

காளத்தியும் கண்ணப்பரும்

ரேணிகுண்டா பெரிய சந்திப்பு நிலையம். அங்கே கூடூர் செல்லும் வண்டியில் ஏறினால் ஏர்ப்பேடு, காளத்தி, வெங்கடகிரி என்று நிலையங்கள் வரும். ஏர்ப்பேட்டில் இப்போது திருப்பதி ஐ.ஐ.டி. என்னும் உயர் தொழில்நுட்பக் கல்விக் கூடம் இருக்கிறது. வெங்கடகிரி மெல்லிய நூல் சேலைகளுக்குப் பெயர் பெற்றது. இவ்விரண்டுக்கும் நடுவே, சுவர்ணமுகி ஆற்றங்கரையில், காளத்திநாதர் கோயில்.

காளத்தி என்றதும் தமிழருக்குக் கண்ணப்பர் நினைவு வரும். வேட்டுவர் குலத்துத் திண்ணன் வில்லும் அம்புமாகக் காட்டில் திரிந்தவன். ஆகமம் அறியாதவன். ஈசன் கண்ணில் குருதி வழிவதைக் கண்டு தன் கண்ணை இடந்து அப்பியவன். அவனை நாம் நாயன்மார் வரிசையில் வைத்துப் பூசை செய்கிறோம். கண்ணப்பர் பிறந்த குலம் இன்றைய எந்தக் குலம் என்று ஆராய்வது நம் வேலையன்று. ஆனால் வேட்டையும் தேனும் கிழங்குமே வாழ்வாகக் கொண்ட ஒரு மக்கட் கூட்டம் அக்கோயிலைச் சுற்றியுள்ள நிலத்தில் இன்றும் இருக்கிறது. கல்லில் வடித்த வேடனை வணங்கிவிட்டு வெளியே வரும் நாம், தெருவில் எதிர்ப்படும் வேட்டுவ முதியவரை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

யானாதிகள் யார்?

அவர்களுக்கு யானாதிகள் என்று பெயர். ஆதியில்லாதவர், அதாவது தொடக்கம் அறியப்படாத பழைமை உடையவர் என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். நெல்லூர், திருப்பதி, சித்தூர், பிரகாசம் ஆகிய மாவட்டங்களில் இவர்கள் மிகுதி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அன்றைய ஆந்திரப் பிரதேசம் முழுவதிலும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட யானாதிகள் இருந்தனர். பேசும் மொழி தெலுங்கு. நம் செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் இருளர்களை அறிந்தவர்களுக்கு இவர்களுடைய வாழ்க்கை உடனே விளங்கிவிடும்.

வயல் எலிகளைப் பிடிப்பதில் இவர்கள் வல்லவர்கள். ஏரியிலும் கால்வாயிலும் மீனும் இறாலும் பிடிப்பர். மூலிகை அறிவு மிக்கவர்கள். மாந்தோப்புக்கும் எலுமிச்சைத் தோட்டத்துக்கும் காவல் இருப்பர். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஒரே முதலாளியிடம் உழைத்துக் கடன் தீராமல் மடிந்தவர்களும் இவர்களில் பலர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் அந்த வழக்கம் அடியோடு மறைந்துவிடவில்லை.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய தொகுதிகளில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நெல்லூரைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர் வெண்ணெலகண்டி இராகவய்யா தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இவர்களுக்காகச் செலவிட்டார். யானாதிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1962-இல் வெளிவந்தது. 1973-இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. பழங்குடி மக்களுக்குத் தொண்டு செய்தோரை நினைக்கும்போது இந்தப் பெயரையும் நம்மவர் நினைவில் கொள்ள வேண்டும்.

யானாதிகள் அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் இடம் பெற்றவர்கள். ஆனால் அவர்கள் வாழும் இடம் அட்டவணைப் பகுதியன்று. இந்த வேறுபாட்டைச் சிறிது விளக்க வேண்டும். ஆந்திரத்தின் வடக்கே, சீகாகுளம் முதல் கோதாவரி வரையுள்ள மலைப் பிரதேசங்கள் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் வருகின்றன. அங்கே பழங்குடியினர் ஊர் ஊராகச் சேர்ந்து வாழ்வதால் அவர்களுக்கென்று தனி நிர்வாகம், தனிப் பள்ளிகள், தனிச் சட்டப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. யானாதிகளோ சமவெளியில் சிதறிக் கிடக்கின்றனர். ஒவ்வொரு பெரிய கிராமத்தின் ஓரத்திலும், ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ, பத்துக் குடிசை, இருபது குடிசை. அவர்களுக்காக நெல்லூரில் ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சி முகமை ஒன்று இயங்குகிறது. ஆயினும் மாவட்டங்கள் பலவற்றில் சிறு சிறு குடியிருப்புகளாகப் பிரிந்து கிடப்பவர்களை ஓர் அலுவலகம் எட்டிப் பிடிப்பது எளிதன்று. மிகவும் நலிந்த பழங்குடிகளுக்காக மத்திய அரசாங்கம் 2023 நவம்பரில் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் செஞ்சுக்கள் உண்டு, யானாதிகள் இல்லை.

தொலைவு என்றால் என்ன?

கூடூரில் இறங்கித் தெற்கே செல்லும் வண்டியைப் பிடித்தால் நாயுடுப்பேட்டை, தொரவாரிச்சத்திரம், அடுத்துச் சூலூர்ப்பேட்டை. தொரவாரிச்சத்திரத்துக்கு அருகில் நேலப்பட்டுப் பறவைச் சரணாலயம். பருவ காலத்தில் கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். சூலூர்ப்பேட்டையிலிருந்து கிழக்கே பழவேற்காடு ஏரியின் குறுக்கே சாலை செல்கிறது. இரு புறமும் நீர்; மழைக்காலத்துக்குப் பின் செந்நிறச் சிறகுடைய பூநாரைகள். அப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு.

அத்தீவு யானாதிகளின் பழைய இருப்பிடம். 1835-இல் கும்பெனி அரசாங்கம் அதைத் தன் நேர் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. யானாதிகள் தேனும் சாயவேரும் மூலிகையும் திரட்டிக் கொடுத்துத் தானியம் பெற்று வாழ்ந்தனர். 1969-இல் இந்தத் தீவை ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். முதல் சிறு ராக்கெட் 1971 அக்டோபர் 9-ஆம் தேதி கிளம்பியது. தீவில் இருந்த ஊர்கள் அகற்றப்பட்டன. யானாதிக் குடும்பங்கள் பல கரைக்கு வந்து குடியமர்ந்தன. சிலர் தீவிலேயே கூலி வேலையில் அமர்ந்தனர். 1980-இல் ரோகிணி துணைக்கோள் இங்கிருந்துதான் வானேறியது. 2023 ஜூலை 14-ஆம் தேதி சந்திரயான்-3 இங்கிருந்தே புறப்பட்டு நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கியது. இந்தியர் ஒவ்வொருவரும் பெருமை கொள்ளும் இடம் அது. அப்பெருமைக்குத் தம் நிலத்தைக் கொடுத்தவர்களில் யானாதிகளும் உண்டு என்பதை மட்டும் நாம் மறந்துவிடலாகாது.

எட்டாத தொலைவிலுள்ள மக்கள் என்றால் காட்டையும் மலையையும் தாண்டி, பாதை இல்லாத இடத்தில் இருப்பவர்கள் என்று நாம் எண்ணுகிறோம். சூலூர்ப்பேட்டை யானாதிகளின் குடிசைகள் சென்னையிலிருந்து மின்சார இரயில் வந்து நிற்கும் நிலையத்துக்கு அருகில் இருக்கின்றன. நிலவுக்குப் போகும் வாகனத்தின் முழக்கம் அவர்கள் கூரையை அதிரச் செய்கிறது. இருந்தும் அவர்கள் தொலைவில்தான் இருக்கின்றனர். அரசாங்கத்தின் ஏட்டில் பெயர் ஏறாதவனுக்கு அடுத்த தெருவும் தொலைவுதான்.

முதல் தேதி

நான் அங்கே சென்றது மாதத்தின் முதல் தேதி. ஆந்திரத்தில் அது முதியோர் உபகாரச் சம்பளம் வழங்கும் நாள். காலையிலேயே கிராமச் செயலக ஊழியர் ஒருவர் கைப்பேசியும் ரேகைக் கருவியும் பணமுமாக வந்து, வீடு வீடாக நின்று கொடுத்துக்கொண்டு போனார். ஒரு முதியவர் கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே விரலை நீட்டினார். ரேகை விழவில்லை. மற்றொரு விரல், பிறகு இன்னொரு விரல். வலை இழுத்தும் மண் தோண்டியும் தேய்ந்த விரல்கள். கடைசியில் முகத்தைப் படம் பிடித்து அடையாளம் கண்டு பணத்தை எண்ணிக் கையில் வைத்தார். முதியவர் ஒவ்வொரு நோட்டாகத் தடவிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டார்.

தொகை சிறிதன்று. மாதம் ரூ. 4,000. இந்த நிலை ஒரே நாளில் வந்ததன்று. மத்திய அரசாங்கம் 1995 ஆகஸ்டு 15-இல் தேசிய முதியோர் உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது தலைக்கு ரூ. 75 தந்தது. அது 2006-இல் ரூ. 200 ஆயிற்று. எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பின்னர் ரூ. 500 என்று வைத்தனர். மற்றதை மாநிலங்களே தம் பொறுப்பில் சேர்த்துக் கொடுக்கின்றன. ஆந்திரத்தில் 2014 அக்டோபரில் ரூ. 1,000 ஆனது, 2019-இன் தொடக்கத்தில் ரூ. 2,000, 2024 ஜனவரியில் ரூ. 3,000, அதே ஆண்டு ஜூலை முதல் ரூ. 4,000. தமிழ்நாட்டில் 2023-இல் இத்தொகையை ரூ. 1,000-லிருந்து ரூ. 1,200 ஆக உயர்த்தினர் என்பதோடு ஒப்பிட்டால் ஆந்திரத்தின் தாராளம் புலப்படும். 2020-ஆம் ஆண்டு முதல் பணத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வழக்கமும் அங்கே நிலைத்துவிட்டது. நடக்க இயலாத முதியோருக்கு இது எத்தனை பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதிலும் சிறந்தது ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு இந்த உதவி அறுபது வயதில் தொடங்குகிறது. பழங்குடியினருக்கு ஐம்பதிலேயே தொடங்குகிறது. அரைவயிற்று உணவும், குளிரிலும் வெயிலிலும் ஓயாத உழைப்பும், மருத்துவம் இன்மையும் அவர்களை விரைவில் முதுமையில் தள்ளிவிடுகின்றன. அலுவலக நாற்காலியில் அறுபது வயது வரை உட்கார்ந்து பணிபுரிகிறவனுடைய முதுமையும், பத்து வயதிலிருந்து சேற்றில் நிற்கிறவனுடைய முதுமையும் ஒன்றல்ல. இதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருப்பது நியாயமான காரியம்.

தாய்க்கும் மகனுக்கும் நான்கு ஆண்டு

ஆனால் ஐம்பது வயது ஆயிற்று என்பதை யார் சொல்வது? அன்று பணம் வாங்காதவர்களில் ஒரு மூதாட்டியும் இருந்தார். தலை முழுதும் வெண்மை. கூன் விழுந்த முதுகு. மூங்கில் தட்டி ஒன்றின் நிழலில் அமர்ந்து, இறால் பிடிக்கும் கூடையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு வயது என்ன, அவ்வா?” என்று கேட்டேன்.

“எனக்கு என்ன தெரியும், நாயனா? பெரிய புயல் வந்ததே, அப்போது என் மூத்த பிள்ளை மடியில் பால் குடிக்கிற குழந்தை. அவனைப் புடவையில் கட்டிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் இரண்டு நாள் கிடந்தேன்.”

ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிக் கரை கடந்த அந்தப் பெரும் புயல் 1984 நவம்பரில் அடித்தது. அம்மூதாட்டியின் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதி 1980 ஜனவரி 1 என்றிருந்தது. மகனுடைய அட்டையில் 1984. தாய்க்கும் மகனுக்கும் வயதில் நான்கே ஆண்டு வேறுபாடு! அட்டையைப் பதிந்தவர் முகத்தைப் பார்த்து எழுதினாரோ, முன்னிருந்த வேறு தாளைப் பார்த்து எழுதினாரோ, அறியோம். எழுதிய எழுத்து நின்றுவிட்டது. அந்த எழுத்தின்படி அவருக்கு ஐம்பது வயதாக இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. அந்தச் சில ஆண்டுகளுக்கும் மாதம் ரூ. 4,000 வீதம் கணக்கிட்டுப் பாருங்கள். அவரைப் போன்ற ஒருவர் ஆயுள் முழுதும் ஒருசேரக் காணாத தொகை அது.

பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவர்களுக்கு உத்தேசமாக ஓர் ஆண்டைப் பதிந்தால் அது ஜனவரி முதல் தேதியாகவே அட்டையில் அமைந்துவிடுவதுண்டு. ஆகவே பல குடியிருப்புகளில் முதியோர் பலரும் ஒரே நாளில் பிறந்தவர்களாகக் காணப்படுவர். அதைத் திருத்த வேண்டுமானால் சான்று வேண்டும். பள்ளிச் சான்று என்றால் அவர்கள் பள்ளிக்குப் போனதில்லை. பிறப்புச் சான்று என்றால் குடிசையில் பிறந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆதார் அட்டை ஒருவரை அடையாளம் காட்டுவதற்கே உரியது, பிறந்த தேதியை நிலைநாட்டுவதற்கு உரியதன்று என்று உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபரில் ஒரு விபத்து நட்டஈட்டு வழக்கில் கூறியிருக்கிறது. இருந்தும் உதவி கேட்டுச் செல்பவரிடம் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

இரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு ஏட்டின் வலிமை நன்றாகத் தெரியும். வேலையில் சேர்ந்த அன்று பணிப் பதிவேட்டில் எழுதிய பிறந்த தேதியே ஓய்வு பெறும் நாளையும், ஓய்வூதியத்தையும் முடிவு செய்கிறது. அதற்காக நாங்கள் மெட்ரிகுலேஷன் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். ஏடு இல்லாமல் நிர்வாகம் நடவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏட்டில் இல்லாததை அறியவும் சர்க்காரிடம் வழி இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது அறியாதவரிடம் ஊரில் நடந்த பெரிய நிகழ்ச்சிகளைச் சொல்லி, அப்போது நீ சிறுவனா, மணமானவனா என்று கேட்டு வயதைக் கணிப்பது நெடுங்கால வழக்கம். அந்த மூதாட்டி சொன்ன புயல் அவ்வகைச் சான்றே. கணக்கெடுப்புக்குச் செல்லும் சான்று உதவிப் பணத்துக்கு ஏன் செல்லாது? ஊர்ச் சபையில் நாலு பேர் சாட்சியோடும், அரசாங்க மருத்துவரின் கருத்தோடும் வயதை நிர்ணயித்துக் கொடுத்தால், ஐம்பது வயது என்ற நல்ல விதி உரியவர்களுக்குப் பயன்படும். அடுத்த கணக்கெடுப்பு 2027-இல் நிறைவுறும். அதற்காக வீடு வீடாகச் செல்பவர்கள் ஏரிக்கரைக் குடிசைகளுக்கும் சென்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இடம் பெயர்ந்து பிழைப்பவர்களுக்கு வேறொரு துன்பமும் உண்டு. செங்கற்சூளைக்கும் மீன் பண்ணைக்கும் குடும்பத்தோடு சென்றுவிட்டால் முதல் தேதியன்று ஊரில் இருக்க முடியாது. இரண்டு மாதம் வாங்காதவர்கள் மூன்றாம் மாதம் சேர்த்துப் பெறலாம் என்று 2024-இன் இறுதியில் ஆந்திர அரசாங்கம் வழி செய்தது வரவேற்கத்தக்கது. ஊர்விட்டு ஊர் செல்வோரின் தாள்கள் எப்படித் தொலைகின்றன, ஓர் ஊரின் அட்டை மற்றோர் ஊரில் எப்படிச் செல்லாமல் போகிறது என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டுமா? நாமும் ஒரு காலத்தில் ரேஷன் அட்டைக்காக வரிசையில் நின்றவர்கள்தாமே.

ஆஸ்திரேலியாவின் வடக்கில்

நம் சங்கத்தாருள் ஆஸ்திரேலியாவில் மக்களையோ மருமக்களையோ உடையவர்கள் பலர். அந்நாட்டின் முதற்குடிகளுடைய கதையும் இங்கே நினைக்கத் தக்கது. ஆஸ்திரேலியா 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. உலகிலேயே முன்னோடியான சட்டங்களில் அது ஒன்று. ஆனால் அந்த மண்ணின் முதற்குடிகளுக்கு அது இல்லை என்று அச்சட்டத்திலேயே எழுதியிருந்தனர். 1959-இல் திருத்தியபோதும் நாடோடியாகத் திரிவோரை விலக்கி வைத்தனர். அந்த விலக்கு 1966-இல்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் உரிமை பெற்ற பலருடைய பணமும் அவர்கள் கைக்கு வராமல் மாட்டுப் பண்ணைக்கும் மிஷன் நிலையத்துக்கும் போயிற்று.

இன்று அங்கே நிலை வேறு. வடக்கிலுள்ள பழங்குடி ஊர்கள் பல, நகரங்களிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் உள்ளவை. மழைக்காலத்தில் சாலை மூடிவிட்டால் விமானமே வழி. அப்படிப்பட்ட இடங்களிலும் முதியோரைத் தம் ஊரிலேயே, தம் மக்கள் நடுவிலேயே வைத்துப் பராமரிக்கச் சிறு இல்லங்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் அரசாங்கம் பணம் தருகிறது. மற்ற ஆஸ்திரேலியருக்கு இந்தப் பராமரிப்பு பொதுவாக அறுபத்தைந்து வயதில் கிடைக்கும். முதற்குடிகளுக்கு ஐம்பதில். ஆம், அங்கேயும் ஐம்பதுதான்! 2025 நவம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே வைத்திருக்கிறது. ஆனால் ஓய்வூதியப் பணம் மட்டும் அங்கே எல்லாருக்கும் போல அறுபத்தேழு வயதில்தான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்குகிறது. அங்கே பராமரிப்பு முன்னதாகவும் பணம் பின்னதாகவும் வருகிறது. இங்கே பணம் முன்னதாக வருகிறது. ஆனால் படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரை வீடு தேடி வந்து குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்திட்டு, கஞ்சி ஊட்டும் கை இன்னும் வரவில்லை. 104 மருத்துவ வண்டி ஊருக்கு வருகிறது. 108 வண்டி அவசரத்துக்கு உதவுகிறது. அவ்விரண்டும் புறப்பட்டுப் போன பிறகு, மகனும் மருமகளும் சூளைக்குச் சென்றுவிட்ட குடிசையில் முதியவர் தனியாகவே கிடக்கிறார். வீட்டுக்கு வரும் ரூ. 4,000 நல்ல தொகை. நீர் மொண்டு கொடுக்க அதனால் இயலாது. பணத்தை வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்து காட்டிய ஓர் அரசாங்கத்துக்கு, அதே வாசலுக்கு வாரம் ஒரு முறை ஒரு செவிலியை அனுப்புவது இயலாத காரியமன்று.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

காலையில் திருப்பதியிலிருந்து புறப்பட்டுக் காளத்தியில் தரிசனம் முடித்துக்கொண்டு மாலைக்குள் சூலூர்ப்பேட்டையை அடையலாம். அங்கிருந்து சென்னைக்கு மின்சார இரயில் உண்டு. ஏவுதளத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் செல்ல இயலாது. ஏரியும் பறவைகளும் எல்லாருக்கும் பொது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மூத்த குடிமக்களுக்கு இரயிலில் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது என்பதை முதியோரை அழைத்துச் செல்பவர்கள் நினைவில் வைத்துச் செலவுக்குத் திட்டமிடுக.

யானாதிக் குடியிருப்புக்குச் சென்றால் விருந்தினராகச் செல்லுங்கள். குடிசைகளையும் குழந்தைகளையும் படம் பிடித்துத் திரும்புவது மரியாதையன்று. பழைய துணிகளைக் கொட்டிவிட்டு வருவதும் உதவியன்று. அவர்கள் விற்கும் மீனையும் தேனையும் பேரம் பேசாமல் வாங்குங்கள். தெலுங்கு தெரிந்தவர்கள் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு மணி நேரம் அங்கே அமர்ந்து, ஒரு முதியவருடைய அட்டையிலுள்ள வயதையும் மூத்த பிள்ளையின் வயதையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் கிராமச் செயலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால், அதைப் போன்ற தருமம் வேறில்லை.

அவ்வளவு தூரம் செல்ல முடியாதவர்கள் தாம் இருக்கும் ஊரிலேயே தொடங்கலாம். நம் கட்டடங்களைக் கட்டும் கூலிக் குடும்பங்களிலும், நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்களிலும் வயது அறியாத முதியோர் எத்தனையோ பேர் உள்ளனர். நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. எந்தப் புயலுக்கு, எந்தப் பஞ்சத்துக்கு, யாருடைய கலியாணத்துக்கு முன் பிறந்தார்கள் என்பதை அவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி, இருவர் சாட்சிக் கையொப்பம் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் ஓர் அலுவலகத்தின் முன் அவர்கள் நிற்க நேர்ந்தால் அந்தத் தாள் அவர்களுக்காகப் பேசும்.